இரண்டு முறை கடல் தாண்டிய வக்கீலம்மா!

1891 ஜூன் 10. லண்டனில் 21 வயது குஜராத்தி இளைஞர் ஒருவர் பாரிஸ்டர் ஆனார். மறுநாள் அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் பெயரைப் பதிவு செய்தார். அதற்கு மறுநாள் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அதே நாட்களில், அதே இங்கிலாந்தில், இன்னொரு இந்தியரும் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். வயது 24. இடம் ஆக்ஸ்ஃபோர்டு. காந்தி எழுதிய பரீட்சையைவிட இவர் எழுதியது ரொம்பவே கடினம். அதையும் எழுதி முடித்தார். ஆனால், அந்தப் பரீட்சைக்கான பட்டம் கைக்கு வர 30 வருடங்கள் ஆயின. பாரிஸ்டர் என்று அழைக்கப்பட அதற்கும் மேல் ஒரு வருடம்.

படிப்பில் குறையா? இல்லை. பணம் கட்டவில்லையா? அதுவும் இல்லை. அவர் ஒரு பெண். அவ்வளவுதான்.

கார்னிலியா சொராப்ஜி என்ற அந்தப் பெண்ணைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. கோர்ட் வாசலில் கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டு வேகமாகப் போகும் பெண் வக்கீல்களை இன்று எல்லா ஊரிலும் பார்க்கிறோம். இந்தியாவில் அந்தக் கவுனுக்காக முதலில் கடல் தாண்டிப் போனவர் இவர்தான்.

சாப்பிட்டால் பாரிஸ்டர்!

அந்தக் காலத்தில் வக்கீலாக லண்டன் வரை ஏன் போனார்கள்? இங்கேயே சட்டக் கல்லூரிகள் இருந்தனவே என்று தோன்றலாம்.

இருந்தன. ஆனால் இங்கே படித்தவர் 'வக்கீல்'. அங்கே போய் வந்தவர் 'பாரிஸ்டர்'. இரண்டும் ஒன்றல்ல. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில், வழக்குகள் நேரடியாகத் தொடங்கும் 'ஒரிஜினல் சைடு' பிரிவு நீண்ட காலம் பாரிஸ்டர்களின் கோட்டையாகவே இருந்தது. ஃபீஸும் மரியாதையும் அதற்கேற்ப எகிறும். அதனால்தான் நகையை விற்றாவது, கடன் வாங்கியாவது, ஜாதிக் கட்டுப்பாட்டை மீறியாவது பிள்ளைகளைக் கப்பல் ஏற்றினார்கள். கடல் தாண்டியதற்காகக் காந்தியை அவருடைய ஜாதியார் தள்ளியே வைத்தார்கள்.

அங்கே போய் என்ன செய்ய வேண்டும்? காந்தி தன் சுயசரிதையில் இதைக் கொஞ்சம் கிண்டலாகவே எழுதியிருக்கிறார். லண்டனில் 'இன்' என்று அழைக்கப்படும் நான்கு வக்கீல் சங்கங்கள் இருக்கின்றன. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். வருடத்துக்கு நான்கு பருவங்கள் என்று மொத்தம் 12 பருவங்களை முடிக்க வேண்டும். முடிப்பது என்றால் வகுப்புக்குப் போவதில்லை. சங்கத்தின் கூடத்தில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட வேண்டும்! ஒரு பருவத்துக்குக் குறைந்தது ஆறு சாப்பாடு. மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 72.

நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் என்பது கணக்கு. காந்தி குடிக்க மாட்டார். அதனால் 'எங்கள் மேஜைக்கு வா' என்று அவரைக் கூப்பிட எப்போதும் ஆள் இருந்தார்களாம். பரீட்சையும் உண்டுதான். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு மேல் பாஸாகிவிடுவார்கள்.

இப்படி பாரிஸ்டராகி வந்த காந்தி, பம்பாயில் முதல் வழக்கில் 30 ரூபாய் ஃபீஸ் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தச் சாப்பாடும் பரீட்சையும் வக்கீல் தொழிலைக் கற்றுத் தரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவை தந்தது அனுமதிச் சீட்டு. கார்னிலியாவுக்குக் கடைசிவரை பிரச்னையாக இருந்ததும் அந்தச் சீட்டுதான்.

அம்மா காட்டிய வழி

கார்னிலியா பிறந்தது 1866 நவம்பர் 15-ல், நாசிக்கில். பார்சி குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான பாதிரியார் அப்பா. பூனாவில் பள்ளிக்கூடம் நடத்திய அம்மா ஃபிரான்சினா. வீடு நிறையப் பெண் பிள்ளைகள். 'பெண்ணாகப் பிறந்துவிட்டதே' என்று யாரும் பெருமூச்சு விடாத வீடு அது.

சிறுமியாக இருந்தபோது நடந்த ஒரு விஷயத்தைக் கார்னிலியா பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வசதியான இந்துப் பெண்மணி ஒருவர் அம்மாவிடம் வந்து அழுதாராம். நம்பி வைத்திருந்த காரியஸ்தரே சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார். அந்தப் பெண்மணியோ வெளி ஆண்களின் முகத்தைப் பார்க்கக் கூடாத பர்தா குடும்பம். வக்கீல்கள் எல்லாரும் ஆண்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

'இப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டுமானால் நீ சட்டம் படி' என்று அம்மா மகளிடம் சொல்லியிருக்கிறார். இந்தியாவில் ஒரு பெண் வக்கீல்கூட இல்லாத காலம். இங்கிலாந்திலும் இல்லை. அந்த அம்மாவுக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

பூனா டெக்கான் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு நடுவே படித்தார் கார்னிலியா. வகுப்புக்குள் வர விடாமல் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஆனாலும் முதலிடம். இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்க உதவித்தொகைக்குத் தகுதியும் வந்தது. ஆனால் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு அந்தத் தொகை கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

கொஞ்ச காலம் அகமதாபாத் குஜராத் கல்லூரியில் பாடம் எடுத்தார். ஆண்களுக்கு! இங்கிலாந்தில் மேரி ஹாப்ஹவுஸ் என்ற சீமாட்டியும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து கார்னிலியாவுக்காக நிதி திரட்டினார்கள். பணம் கொடுத்தவர்களில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889-ல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் பெண்கள் விடுதிக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பரீட்சைக்கு ஒரு தனித் தீர்மானம்

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆதரவு பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட். ஆல் சோல்ஸ் கல்லூரியின் சட்ட நூலகத்தில் உட்கார்ந்து படிக்கவும் அனுமதி கிடைத்தது.

அவர் குறிவைத்தது பி.சி.எல். என்ற சட்ட மேற்படிப்பு. அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பரீட்சையை எழுதியதில்லை. 1892-ல் பரீட்சை நெருங்கியபோது, 'ஆண்களோடு ஹாலில் உட்கார வேண்டாம், உன் விடுதியிலேயே தனியாக எழுது' என்றார்கள். கேட்பதற்குச் சலுகை மாதிரிதான் தெரிகிறது. கார்னிலியா ஒப்புக்கொள்ளவில்லை. தனியாக ஓர் அறையில் எழுதினால், நாளை அதை யார் பரீட்சையாக மதிப்பார்கள்?

கடைசி நேரத்தில் பல்கலைக்கழகம் அவருக்காகவே ஒரு தீர்மானம் போட்டது. எல்லாரும் எழுதும் அதே ஹாலில் உட்கார்ந்து எழுதினார், தேறினார். ஆனால் பட்டம் தரவில்லை. பெண்களைப் பரீட்சை எழுத விட்டாலும் பட்டம் கொடுக்கும் வழக்கம் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இல்லை. அது மாறியது 1920-ல்.

லண்டனில் ஒரு சொலிசிட்டர் நிறுவனத்தில் கொஞ்ச காலம் பயிற்சி எடுத்தார். மறுபடி கப்பல், மறுபடி பம்பாய். படிப்பு, அனுபவம் எல்லாம் இருந்தது. அனுமதிச் சீட்டு மட்டும் இல்லை.

யானைக்கு வக்கீல்

இங்கே வந்தவர் சும்மா இருக்கவில்லை. கத்தியவாரில் இருந்த சமஸ்தானங்களில் வாதாட சன்னது வாங்கினார். அங்கே ராஜா வைத்ததுதான் சட்டம். ஒரு சமஸ்தானத்தில் அவர் வாதாடியது ஒரு யானைக்காக! யானைக்கு விடப்பட்டிருந்த வாழைத்தோட்டத்தைப் பற்றிய வழக்கு. ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த ராஜாதான் நீதிபதி. கார்னிலியா வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. 'என் நாய்க்கு உன்னைப் பிடித்துவிட்டது, ஆகவே நீ ஜெயித்தாய்!' ராத்திரி எல்லாம் கண் விழித்துச் சட்டப் புத்தகம் புரட்டியவருக்கு எப்படி இருந்திருக்கும்? இதையும் அவரே எழுதியிருக்கிறார்.

பிரிட்டிஷ் கோர்ட்டுகளில் நுழைவதற்குத்தான் பெரும்பாடு. 'ஆக்ஸ்ஃபோர்டு போதாதா? சரி' என்று 1897-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் எல்எல்.பி. பரீட்சையை எழுதினார். 1899-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் பரீட்சை. தேறினாலும் பதிவு செய்ய மறுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பரீட்சை மட்டும் கூடிக்கொண்டே போனது.

அவரை மட்டும் இப்படி நடத்தவில்லை. லண்டனிலேயே 1903-ல் பெர்த்தா கேவ் என்ற பெண் கிரேஸ் இன்னில் சேர விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். 1913-ல் நான்கு பெண்கள் சொலிசிட்டர் பரீட்சை எழுத அனுமதி கேட்டு வழக்குப் போட்டார்கள். சட்டத்தில் 'நபர்' என்று இருக்கிறது, ஆனால் அந்த 'நபர்' பெண்ணைக் குறிக்காது என்று தீர்ப்பு வந்தது!

கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி 1916-ல் விண்ணப்பித்தார். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஆண்பாலில் சொன்னால் பெண்பாலையும் சேர்த்துத்தான் அர்த்தம் என்று பொதுச் சட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. இருந்தும், வக்கீல் சட்டத்தில் வரும் 'அவன்' ஆண் மட்டுமே என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு சுதான்ஷு பாலா ஹஸ்ராவுக்கு பாட்னா உயர் நீதிமன்றமும் அதே பதிலைத்தான் சொன்னது.

பல்லக்கில் போன சட்டம்

கோர்ட்டுக்குள் விடவில்லை என்றால் என்ன, அந்தப்புரத்துக்குள் போகலாமே! அங்கே நுழைய எந்த ஆண் பாரிஸ்டராலும் முடியாதே!

ஜமீன்தார் இறந்து, வாரிசு சிறுவனாகவோ மனைவி பர்தாவில் இருப்பவராகவோ இருந்தால், அந்தச் சொத்தை அரசாங்கமே எடுத்து நிர்வகிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்று பெயர். இந்தப் பெண்களோடு பேசிப் புரிந்துகொள்ள ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று கார்னிலியா வருடக்கணக்கில் மனு எழுதிக்கொண்டே இருந்தார். 1904-ல் வங்காளத்தில் அந்த வேலை அவருக்கே கிடைத்தது. சீக்கிரமே பீகார், ஒரிசா, அஸ்ஸாம் என்று எல்லை விரிந்தது.

அந்த வேலையின் தேவை இன்று நமக்குச் சட்டென்று புரியாது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் அதிகாரி. திரைக்குப் பின்னால் இருந்து வரும் குரல் சொத்துக்காரியுடையதா, உறவினர் கொண்டுவந்து உட்கார வைத்த வேறு யாரோவா? கைநாட்டு யாருடையது? அவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்களா? ஆண் அதிகாரியால் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? கார்னிலியாவால் முடிந்தது. பல்லக்கிலும் படகிலும் போய், திரையை விலக்கி உள்ளே சென்று, தரையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். சொத்துக்காக வாரிசுக் குழந்தைக்கு விஷம் வைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த தாய்மார்களையும் சந்தித்தார்.

ஏறத்தாழ 20 வருடங்கள். 600-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் அவர் உதவினார் என்று சொல்வார்கள். படிப்புச் செலவு, ஜீவனாம்சம், நர்ஸ் வேலைக்குப் பயிற்சி என்று சட்டத்துக்கு வெளியேயும் நிறையச் செய்தார். என்னைக் கேட்டால், எந்த பாரிஸ்டரும் செய்யாத வக்கீல் வேலை இது. ஆனால் அரசாங்கத்தின் பார்வையில் அவர் வக்கீல் இல்லை, 'பெண் உதவியாளர்'.

இரண்டாவது பயணம்

1919-ல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. பெண் என்ற காரணத்தால் எந்தத் தொழிலிலிருந்தும் ஒதுக்கக் கூடாது என்றார்கள். 1921 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒருவழியாகக் கார்னிலியாவைத் தன் வக்கீல் பட்டியலில் சேர்த்தது. பரீட்சை எழுதி 22 வருடங்களுக்குப் பிறகு!

அதோடு திருப்தி அடைந்திருக்கலாம். வயது 55 தாண்டிவிட்டது. அந்த வயதில் நம் வீடுகளில் ரிட்டயர்மென்ட் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். கார்னிலியா பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1922-ல் ஆக்ஸ்ஃபோர்டு அந்தப் பழைய பட்டத்தை அவருக்கு வழங்கியது. 1923-ல் லிங்கன்ஸ் இன் அவரை பாரிஸ்டர் ஆக்கியது.

அதே வருடம் ஜனவரியில், அதே லிங்கன்ஸ் இன்னில், மித்தன் டாட்டா என்ற இளம் பம்பாய்ப் பெண்ணும் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வாதாடிய முதல் பெண் அவர். கார்னிலியா 30 வருடம் தட்டிக்கொண்டிருந்த கதவு, அடுத்த தலைமுறைக்கு அதிகம் தட்டாமலேயே திறந்தது. இந்தியாவிலும் 1923-ல் ஒரு சட்டம் வந்தது. பெண் என்பதற்காக யாரையும் வக்கீல் பதிவிலிருந்து தடுக்கக் கூடாது என்று சொல்லும் மிகச் சின்னச் சட்டம்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். 1922 நவம்பரில் லண்டன் இன்னர் டெம்பிள் தன் உறுப்பினர் ஒருவரின் பெயரை அடித்தது. ராஜத்துரோக வழக்கில் சிறையில் இருந்த காந்தியின் பெயரைத்தான்! அதை மறுபடி சேர்த்தது 1988-ல், அவர் இறந்து 40 வருடம் கழித்து.

வெளிநாட்டில் சட்டம் படித்தால் நேராக வந்து கவுன் மாட்டிக்கொள்ளும் காலமும் போய்விட்டது. 1961-ல் வந்த வழக்கறிஞர்கள் சட்டம் எல்லாரையும் ஒரே பெயரில் 'அட்வகேட்' ஆக்கியது. இன்று வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தோடு திரும்பும் பிள்ளைகள் இந்திய பார் கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வையும், அதன் பிறகு அகில இந்திய பார் தேர்வையும் எழுதித்தான் ஆக வேண்டும். பிள்ளையை லண்டனுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஏன் மறந்தோம்?

1924-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பாரிஸ்டராக நுழைந்தார் கார்னிலியா. ஆனால் கோர்ட்டில் நின்று வாதாடும் வழக்குகள் அவரிடம் அதிகம் வரவில்லை. மேஜையில் உட்கார்ந்து சட்ட ஆலோசனை எழுதிக் கொடுக்கும் வேலைதான் வந்தது. அனுமதிச் சீட்டு கிடைத்தபோது வயது கடந்துவிட்டது. வாய்ப்பு தர மற்றவர்களுக்கு மனமும் இல்லை.

அரசியலிலும் அவர் காலத்து இந்தியாவோடு ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் ஆட்சி வேண்டும் என்றார். காந்தியின் இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். இந்தியப் பெண்களின் நிலையைச் சொல்லி நாட்டையே கேவலப்படுத்திய அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோவுக்கு ஆதரவாக நின்றார். அதன் பிறகு, இங்கே பெண்களுக்காக வேலை செய்தவர்களே அவரிடமிருந்து விலகிவிட்டார்கள். நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் அதிகம் தென்படாததற்கு இது பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். அவருடைய அரசியலை ஏற்க முடியாதுதான். அதற்காக அந்தப் பல்லக்குப் பயணங்கள் இல்லை என்று ஆகிவிடுமா?

1929-ல் லண்டனுக்கே போய்விட்டார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குக் காந்தி அங்கே வந்தபோது போய்ப் பேட்டி எடுத்து, ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். அப்போது பாரிஸ்டர் பட்டியலில் பெயர் இருந்தது கேள்வி கேட்டவருக்குத்தான், பதில் சொன்னவருக்கு இல்லை. 1934-ல் 'இந்தியா காலிங்' என்ற நினைவுக் குறிப்பு வெளியானது. நாய் தீர்ப்புச் சொன்ன யானை வழக்கு அதில்தான் இருக்கிறது.

1954 ஜூலை 6-ல், 87-வது வயதில், லண்டனில் காலமானார். 2012-ல் லிங்கன்ஸ் இன் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தது.